நாடிழந்த மக்களின் நாவலாசிரியர்

ஒரு தேசத்தாரின் நிலத்தைப் பகைவர் கவரலாம், அரசைக் கவிழ்க்கலாம், கல்விக்கூடங்களில் அவர்தம் தாய்மொழி ஒலியாதபடி தடுக்கவும் செய்யலாம். ஆயினும், முன்னோர் வரலாறு அம்மக்களின் நாவிலும் நெஞ்சிலும் நின்று நிலவுமாயின் அத்தேசம் இறந்துபட்டதாகாது. இவ்வுண்மைக்குச் சான்றாய் விளங்குவது போலந்து நாட்டு நாவலாசிரியராகிய ஹென்ரிக் ஷென்கியேவிச் என்பாரின் வாழ்க்கை. நீரோ மன்னன் காலத்து உரோமாபுரியிற் கிறிஸ்தவர் பட்ட பாடுகளைக் கூறும் 'குவோ வாடிஸ்' என்னும் நூலின் ஆசிரியராக நம்மிற் பலர் இவரை அறிவர். அந்நூல் 1896-இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. ஆனால், அவருடைய சொந்த நாட்டார் அவரைப் பெரிதும் போற்றுவது அதற்கு முன்னர் அவர் இயற்றிய மூன்று போர் நாவல்களுக்காகவே.

ஷென்கியேவிச் 1846-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் வோலா ஒக்ஷேய்ஸ்கா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அந்நாளில் தேசப்படத்தில் போலந்து என்றொரு நாடு இல்லை. ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று வல்லரசுகளும் அதனைக் கூறிட்டுக்கொண்டு, 1795-இல் எஞ்சியதையும் விழுங்கிவிட்டன. அவர் பிறந்த பகுதி ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1863-இல் போலந்து மக்கள் விடுதலை வேண்டி ஆயுதம் எடுத்தபோது அவருக்கு வயது பதினாறு. அக்கிளர்ச்சி அடுத்த ஆண்டில் முற்றும் அடக்கப்பட்டது.

குடிப்பிறப்பு உயர்ந்ததாயினும் குடும்பத்திற் செல்வம் இல்லை. பிறர் பிள்ளைகட்குப் பாடம் சொல்லிப் பொருள் ஈட்டியும் அவர் கல்வியைத் தொடர்ந்தார். வார்சா நகரத்து உயர்கல்விக் கழகத்தில் மருத்துவத்தையும் சட்டத்தையும் விடுத்து, மொழியையும் வரலாற்றையும் பயில்வதே தம் உள்ளத்திற்கு உகந்ததெனக் கண்டார். 1869-இல் ருஷ்ய அரசாங்கம் அக்கழகத்தை மூடி, அதனிடத்தில் ருஷ்ய மொழியிலே கற்பிக்கும் சர்வகலாசாலை ஒன்றை நிறுவியது. ஷென்கியேவிச் 1871-இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். தாய்மொழியைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் பேறு பெற்ற எம்போன்ற மாணாக்கர் இச்செய்தியை வாளா படித்துக் கடத்தல் இயலாது.

பின்னர் அவர் பத்திரிகைத் தொழிலிற் புகுந்தார். 1876-இல் அமெரிக்கா சென்று, ஆங்குக் கண்டவற்றைத் தம் நாட்டுப் பத்திரிகைக்குக் கடிதங்களாக எழுதினார். 1881-இல் மரியா என்னும் நற்குண மங்கையை மணந்தார். மறுவருடம் 'ஸ்லோவோ' என்னும் நாளிதழின் ஆசிரியரானார். அவ்விதழிலேதான் 1883 முதல் அவருடைய போர்க்கதை தொடர்ந்து வெளிவரலாயிற்று.

அக்கதைத் தொகுதியின் முதல் நாவல் 'நெருப்பும் வாளும்'. 1648-இல் பொக்தான் க்மெல்னிட்ஸ்கி என்பாரின் தலைமையில் உக்ரேனியக் கோசாக்கியர் போலந்து அரசை எதிர்த்து எழுந்த போர் அதன் பொருள். இரண்டாவதாகிய 'பெருவெள்ளம்', 1655-இல் சுவீடன் நாட்டுப் படை போலந்தினுட் புகுந்து பரவியதையும், யாஸ்னா குரா என்னும் மடம் முற்றுகைக்கு அஞ்சாது நின்றதையும் விரிப்பது. மூன்றாவது, வொவொடியோவ்ஸ்கி என்னும் குறுகிய உடலும் பெரிய நெஞ்சும் படைத்த வீரரின் பெயர் தாங்கியது. 1672-இல் துருக்கியர் கமேனியெட்ஸ் கோட்டையைக் கைக்கொண்ட வரலாற்றைக் கூறுவது. தளர்ந்திருந்த தம் மக்களின் உள்ளத்திற்கு ஊக்கம் அளித்தலே இவற்றின் நோக்கமென அவரே வெளிப்படக் கூறினார்.

பிறர்க்கு ஊக்கம் அளிக்க முனைந்தவரின் இல்லத்திலோ துயரம் குடிகொண்டிருந்தது. மனைவியாரைக் காசநோய் பற்றியது. நல்ல காற்று வேண்டி ஊர் ஊராக அவரை அழைத்துச் சென்றுகொண்டே 'பெருவெள்ளம்' நாவலை எழுதினார் ஷென்கியேவிச். நோயாளியின் படுக்கையருகே இருந்தாலும் பத்திரிகைக்கு உரிய பகுதி சென்றாக வேண்டும். 1885-இல், நாவல் முடியுமுன்னரே, இரண்டு இளங்குழந்தைகளை விட்டு மரியா அம்மையார் மறைந்தார். கணவர் நாவலை அடுத்த ஆண்டில் முடித்தார். மூன்றாம் நாவலின் தொடக்கத்தில், மணக்கவிருந்த நங்கையை இழந்த வீரர் வொவொடியோவ்ஸ்கி மடத்திற் புகுந்து அழுதுகொண்டிருக்கிறார். அப்பகுதியை வாசிப்போர் ஆசிரியரின் துயரத்தை நினையாதிரார்.

1888-இல் அம்மூன்றாம் நாவலும் நிறைவெய்தியது. அப்போது தம் பெயரை வெளியிட விரும்பாத அன்பர் ஒருவர், அந்நாவல் வீரரின் பெயரையே கையொப்பமாக இட்டு, 15,000 ரூபிள் பணத்தை ஆசிரியருக்கு அனுப்பினார். ஷென்கியேவிச் அதில் ஒரு காசும் தமக்கெனக் கொள்ளவில்லை. காசநோயால் வருந்தும் கலைஞர்க்கும் எழுத்தாளர்க்கும் உதவுமாறு, மனைவியாரின் பெயரால் ஓர் அறநிதி அமைத்தார்.

1905-இல் இலக்கியத்திற்குரிய நோபெல் பரிசு அவரை அடைந்தது. அதனைத் தம் நாட்டிற்கு வந்த சிறப்பென்றே அவர் ஏற்றார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபின் சுவிட்சர்லாந்து சென்று, இசைப்புலவர் பதெரெவ்ஸ்கியுடன் சேர்ந்து, போரால் நலிந்த போலந்து மக்கட்குப் பொருள் திரட்டி அனுப்பினார். அங்கே வெவே நகரில் 1916-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். இரண்டே ஆண்டுகளில் போலந்து விடுதலை பெற்றது. அந்நாளைக் காண அவர் இல்லை. 1924-இல் அவர் உடல் வார்சா நகரத்துப் பேராலயத்திற்குக் கொண்டுவரப்பட்டது.

அவர் வாழ்வு முடிந்தும் அவர் கதைகளின் வாழ்வு முடியவில்லை. யெஷி ஹாஃப்மன் என்னும் போலந்து இயக்குநர் அம்மூன்றையும் திரைப்படங்களாக்கினார். வியப்பு யாதெனின், அவர் கடைசி நாவலை 1969-இல் முதலிலும், இடை நாவலை 1974-இல் அடுத்தும், முதல் நாவலை 1999-இல் இறுதியாகவும் படமாக்கினார். கோசாக்கியரைப் பகைவராகக் காட்டும் முதல் நாவல் சோவியத் நாட்டு மக்களின் நட்பிற்கு ஊறு செய்யுமென்று, பொதுவுடைமை ஆட்சி நடந்தவரை அதனைப் படமாக்க இயலவில்லை. டேனியல் ஒல்பிரிக்ஸ்கி என்னும் நடிகர் முதற்படத்தில் தாத்தாரியத் தலைவனின் மகனாக நடித்தார். முப்பது ஆண்டு சென்றபின் அம்மகனின் தந்தையாகவே நடித்தார்!

தடை நீங்கினும் தயக்கம் நீங்கவில்லை. போலந்து மக்கள் கலகத் தலைவரெனக் கருதும் க்மெல்னிட்ஸ்கி, உக்ரேன் மக்கட்குத் தேசிய வீரர். நாவல் வெளிவந்த காலத்திலேயே போலந்து நாவலாசிரியர் பொலெஸ்லாவ் புரூஸ் அதனைக் குறை கூறினார். உக்ரேனிய அறிஞரும் கண்டித்தனர். ஹாஃப்மன் இதனை உணர்ந்து, நாவலிற் கண்ட கடுமையைத் தணித்தார். க்மெல்னிட்ஸ்கியாக நடிக்க உக்ரேனின் புகழ்பெற்ற நடிகராகிய பொக்தான் ஸ்தூப்காவையே அழைத்தார். போலந்தில் மட்டும் எழுபது லட்சம் பேருக்கு மேல் அரங்குகளிற் சென்று அப்படத்தைக் கண்டனர்.

இங்கே நாம் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. சோர்ந்த தன் மக்களை எழுப்பக் கதை எழுதுவோன், அயலாரின் நெஞ்சைத் தான் புண்படுத்துவதை அறியாதிருத்தல் கூடும். ஷென்கியேவிச் தம் காலத்துத் துயரிடை நின்று எழுதியவர். அவர் எழுதியதைக் காத்தலும், அதில் விடுபட்ட நீதியை நிரப்புதலும் பின்வந்தோர் கடமையாயின. நம் முன்னோரின் வீரத்தைப் பாட விழையும் நாமும், அப்போர்க்களத்தின் மறுபுறத்தில் நின்றாரும் தாயர் பெற்ற மக்களே என்பதை மறவாதிருப்போமாக.