முத்துக் கரையில் ஒரு கிரேக்க மாளிகை

இலங்கையை ஆண்ட ஆங்கிலத் தேசாதிபதிகளுள் முதல்வர் பிரெடெரிக் நோர்த் என்பதைச் சரித்திர மாணவர் அறிவர். எலுவன்குளத்தில் வாழும் எனக்கு அவர் வெறும் பாடப்புத்தகப் பெயரன்று. எங்கள் ஊரிலிருந்து காலா ஓயாவைக் கடந்து வில்பத்துக் காட்டினூடே வடக்கே செல்லும் பழைய மன்னார்ப் பாதை, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை ஆகிய ஊர்களைத் தாண்டி அரிப்பைச் சேர்கிறது. அங்கே கடலோர மேட்டில் அவர் கட்டிய டொறிக் மாளிகை இடிந்து நிற்கிறது. சிறுகச் சிறுகக் கடலுள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதே இன்னும் பொருந்தும். அது முற்றும் மறையுமுன் கட்டியவர் கதையைச் சொல்லிவிட விழைகிறேன்.

1766இல் பிறந்த நோர்த், அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த பிரதமர் நோர்த் பிரபுவின் கடைசி மகன். பிள்ளைப் பருவத்தில் நோயாளி. கிரேக்க மொழியின்மீது அவருக்கு எழுந்த காதலோ இறுதிவரை தணியவில்லை. 1791இல் கோர்புத் தீவிலே கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். அத்தகைய மனிதரை 1798இல், தமது 32ஆம் வயதில், இலங்கைக்குத் தேசாதிபதியாக அனுப்பிவைத்தனர்.

அன்று முடியரசும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து நடத்திய இரட்டையாட்சி இங்கே நிலவியது. சென்னையிலிருந்து வந்த கம்பெனி உத்தியோகத்தரோடு அவர் ஓயாது பிணங்கினார். 1802 தொடக்கத்தில் நாடு முடியரசின் நேராட்சிக்கு வந்தது. 1800இல் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். 1802இல் வர்த்தமானி வெளிவரச் செய்தார். ஒல்லாந்தர் விட்டுப்போன பாடசாலைகளுக்கு மீண்டும் உயிரூட்டினார். இவ்வளவும் நன்று.

கண்டி விடயத்தில் மட்டும் அவர் செய்ததை என்னால் மன்னிக்க இயலவில்லை. 1803இல் படை அனுப்பி, காலஞ்சென்ற மன்னரின் மைத்துனரான முத்துசாமியைச் சிம்மாசனத்தில் ஏற்றினார். சில மாதங்களிலேயே காய்ச்சலால் நலிந்த ஆங்கிலப் படை சரணடைந்தது. தம்மை நம்பி வந்த முத்துசாமியை அது பகைவர் கையில் ஒப்படைத்தது. அவர் கொல்லப்பட்டார், படையினரும் வெட்டுண்டு மடிந்தனர். நூல்கள் ஆங்கில வீரரின் முடிவை விரித்துரைக்கும் அளவுக்கு அந்த நாயக்க இளவரசரின் முடிவை உரைப்பதில்லை.

இத்தனை குழப்பத்துக்கிடையே, 1801க்கும் 1804க்கும் இடைப்பட்ட காலத்திலேதான் அரிப்பு மாளிகை எழுந்தது. அதன் அமைப்பை அவரே வரைந்தார் என்பர். முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் அரசின் வருவாயில் அதற்குப் பெரும்பங்கு இருந்தமையால், தேசாதிபதியே நேரில் வந்து தங்கி மேற்பார்வையிட ஒரு வீடு வேண்டியிருந்தது. ஆயினும் வீடு ஒன்று வேண்டுமென்றால் கிரேக்கக் கோயிலின் தூண்களை நினைப்பவர் அவர்! செங்கல்லால் எழுப்பிய தூண்களுக்கு, சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைப் பூசி, சலவைக்கல் போல மினுக்கினர் கொத்தர்.

மாசி, பங்குனியில் கடல் அடங்கும். மனிதர் அதிகம் இல்லாத அக்கரையில் திடீரென ஓலைக்கொட்டில்களாலான நகரம் ஒன்று முளைக்கும். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் குளிக்க வருவர். காலிற் கல்லைப் பிணைத்து, மூச்சடக்கி, முத்துப்பாரில் இறங்குவர். சுறா அணுகாதபடி மந்திரம் செபிக்கும் கடல்கட்டி இல்லாமல் அவர்கள் இறங்கமாட்டார். எடுத்த சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவி அரித்து முத்தெடுப்பர். நாற்றமும் ஈயும் சூழ்ந்த அத்தொழிற்களத்தின் கணக்கு மாளிகைதான் டொறிக். அதைத் தேசாதிபதியின் விளையாட்டு மனையாக மட்டும் காண்பவர், அங்கு மூச்சடக்கியவர்களை மறந்துவிடுகிறார்கள்.

நோர்த் 1805இல் நாடு திரும்பினார். அவர் இடத்துக்கு வந்தவர் தோமஸ் மெயிற்லண்ட். விதி வேடிக்கையானது, பின்னாளில் கோர்புவிலும் அந்த மெயிற்லண்டே அதிகாரியாக அமர்ந்து, நோர்த்தின் பல்கலைக்கழகக் கனவுக்குக் குறுக்கே நின்றார். மெயிற்லண்ட் இறந்த 1824இலேயே அயோனியக் கல்விக்கழகம் திறக்கப்பட்டது. அதற்குள் கில்போர்ட் பிரபுவாகிவிட்ட நோர்த், பழங்காலக் கிரேக்கர் போல உடுத்துக்கொண்டு அதன் தலைவராக உலவினார். 1827இல் இலண்டனில் காலமானார். அவர் திரட்டிய அரிய நூல்நிலையம் வாரிசுகளால் ஏலத்தில் சிதறியது.

முத்தும் நிலைக்கவில்லை. 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த ஆங்கிலக் கம்பெனி சில ஆண்டுகளிலேயே வெறுங்கையாயிற்று. யப்பானின் வளர்ப்பு முத்து பின்னர் சந்தையை நிரப்பியது.

பெரம்பூரில் 1996இல் மூடப்பட்ட பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை நிலத்தின் விலை விழுங்கியது. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அரிப்பில் நிலத்துக்கு அத்தகைய விலை இல்லை. அங்கே விழுங்குவது அலை. அடியில் மண்மேட்டை அது அரிக்க, மேலே சுவர் பிளந்து சரிகிறது. முத்தை அரித்தமையாலோ வேறெதனாலோ அரிப்பென ஊருக்குப் பெயர் வந்தது, அறிஞர் ஆராய்க. கரையைக் கல்லணையால் காப்பது செய்யக்கூடிய காரியந்தான். அன்னியன் வீட்டுக்கு ஏன் செலவு என்று கேட்போரும் உளர். அத்தூண்களைக் கிரேக்கர் வந்து கட்டவில்லை. பூசிய சுண்ணாம்பு நம் கடலின் சிப்பி. விழுந்த செங்கற்களும் பூச்சுத் துண்டுகளும் இப்போது மேட்டின் கீழே மணலில், அலை தொடும் தூரத்தில் கிடக்கின்றன.