டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

செட்டிநாட்டிலுள்ள கொத்தமங்கலம் எமது ஊராகும். அவ்வூர்ப் பெண்டிர் கருவுற்ற காலத்தில் அரசாங்கச் சுகாதார நிலையத்தார் அளிக்கும் இரும்புச் சத்து மாத்திரையில் போலிக் அமிலம் என்னும் பொருளும் சேர்ந்திருக்கும். அதனை உண்போரில் அதன் வரலாற்றை அறிந்தார் மிகச் சிலரே. ஆதலின், அதனோடு நெருங்கிய தொடர்புடைய பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

சுப்பாராவ் 1895-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறையே தேறினார். பின்னர்ச் சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்ற காலத்தில் கதராடை அணிந்தமையால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் பெறாது, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். அவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ என்னும் கிராணி நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அந்நோய்க்கு மருந்து காணாத குறை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மனைவியைத் தாய்நாட்டில் விட்டு அமெரிக்கா சென்ற அவர், பாஸ்டன் நகரில் இராக்காலத்தில் ஆஸ்பத்திரி வேலையாளாக உழைத்துக்கொண்டு கல்வி பயின்றார். ஹார்வர்டில் பிஸ்கே என்பாருடன் கூடி, 1929-ல் ஏ.டி.பி. என்னும் பொருளைத் தசையினின்று பிரித்து உலகிற்கு அறிவித்தார். தசையும் மூளையும் நரம்பும் தொழில் செய்தற்குரிய சக்தி அப்பொருளின் வழியாகவே கிடைக்கின்றது.

1940-ல் அவர் லெடர்லி ஆராய்ச்சிச்சாலையை அடைந்தார். ஈரலிலும் கீரையிலும் உள்ள போலிக் அமிலத்தை அவர் குழுவினர் 1945-ல் செயற்கையாக ஆக்கினர். சோகையையும், தம் சகோதரரைக் கொன்ற அக்கிராணியையும் தணிக்கும் மருந்து அதுவே. யானைக்கால் நோய்க்குரிய மருந்தொன்றும் அவர் தலைமையில் வெளிவந்தது.

உயிரணுக்கள் பெருகுதற்குப் போலிக் அமிலம் வேண்டும். அதனை ஒத்த உருவுடையதாய், அதன் தொழிலைத் தடுப்பதாய் ஒரு பொருளை ஆக்கினால், மட்டின்றிப் பெருகும் புற்றுநோய் அணுக்களை அடக்கலாமன்றோ? அவ்வாறு ஆக்கப்பட்ட அமினாப்டெரினை டாக்டர் பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்து, 10 பேரிடம் நோய் சிலகாலம் தணியக் கண்டு, 1948-ல் வெளியிட்டார். அதன் இனமான மெதோட்ரெக்ஸேட், உடலின் காப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்திற்கும் இன்று மருந்தாகின்றது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, தம் 53-ம் வயதில், சுப்பாராவ் தாய்நாடு திரும்பாமலே உயிர் நீத்தார். கருவுறு முன்னரே போலிக் அமிலம் உண்பது சிசுவின் மூளையிலும் முதுகுத்தண்டிலும் நேரும் பிறவிக் குறைகளைப் பெரிதும் தடுக்கும் என்பது 1991-ல் நிறுவப்பட்டது. அதனைக் காண அவர் இருந்தாரில்லை.

நரம்பு, புற்றுநோய், உணவு, காப்புச் சக்தி என நாம் வெவ்வேறு பாடங்களாகப் பிரித்துக் கற்பவற்றை அவருடைய உழைப்பு ஒன்றாய்ப் பிணைத்தது. அதற்கு மூலம் வீட்டில் நேர்ந்த ஒரு துயரமும், அதனை மறவாத உள்ளமுமேயாம். பரீட்சையில் தவறி மனந்தளரும் மாணவ நண்பர்கள் அவரை நினைவார்களாக.