நிலத்தைப் படித்த பெருமகன் இராபர்ட் புரூஸ் பூட்

நூலைப் படிப்போர் பலர். நிலத்தைப் படிப்போர் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத் தக்கவர் இராபர்ட் புரூஸ் பூட் ஆவார். வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மாணவச் செல்வங்கள் அவரை அறிதல் வேண்டும் என்பது நம் விழைவு.

இங்கிலாந்து நாட்டில் 1834ஆம் ஆண்டு பிறந்த பூட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறையையும் மண்ணையும் ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. பண்டை மனிதனைத் தேடுவதன்று. ஆயினும், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழங்கால மனிதன் ஆக்கியவையே என 1859இல் ஆங்கில அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி அவர் உள்ளத்தில் பதிந்திருந்தது. எனவே செல்லுமிடமெங்கும் கற்களைக் கூர்ந்து நோக்கினார்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்துப் படைத்திடலில் சரளைக்காக வெட்டிய குழியருகே, மனிதன் கையால் செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே கிங் என்னும் தோழருடன் அத்திரம்பாக்கத்திலும் கைக்கோடரிகளைக் கண்டார். பழைய கற்கால மனிதன் இந்நாட்டில் வாழ்ந்தான் என்பது இவற்றால் நிலைபெற்றது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையவை என 2011இல் வெளியான ஆய்வு அறிவித்தது.

1891இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவர் உழைப்பு ஓயவில்லை. ஏற்காட்டில் வாழ்ந்து, திரட்டிய பொருள்களை வகைப்படுத்தினார். 1904இல் அத்தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் பெற்றது. 1912 டிசம்பர் 29ஆம் நாள் அவர் மறைந்தார். எக்கல் எவ்விடத்தில், எம்மண்ணடுக்கில் கிடைத்தது என்று குறித்து வைத்ததே அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம். இடக்குறிப்பு இழந்த கல் வெறுங்கல்லே.

அவ்வழியையே நாமும் வகுப்பில் கைக்கொண்டோம். திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில், உழுத நிலத்தோரம் மாணவரை அழைத்துச் சென்று, மேலே கிடக்கும் பானையோடுகளைக் காட்டுவோம். நிறம், தடிப்பு, கிடந்த இடம், நாள் ஆகியவற்றை அவர்களே ஏட்டில் எழுதுவர். தோண்டுதல் மட்டும் கூடாது. இசைவின்றித் தோண்டுவது சான்றை அழிப்பதோடு சட்டத்திற்கும் மாறானது. பாடநூலின் அரசர் பட்டியலில் உறங்கிய மாணவர், ஓட்டுத் துண்டைக் கையில் ஏந்தியதும் விழித்தெழுந்ததைக் கண்டோம்.

ஒருநாள் நம் மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிக் கூறினோம். 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கல், வீரனோடு கள்வரை எதிர்த்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்துள்ளது. கேட்டிருந்த மாணவியொருத்தி, பல்லாவரத்துக் குழியை வெட்டிய கூலியாளின் பெயர் யாதென வினவினாள். நம்மால் விடை கூற இயலவில்லை. நாய்க்கும் பெயர் உண்டு. மண் வெட்டியவனுக்கு இல்லை.

அவள் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். தலைமுறை தலைமுறையாக இந்நிலத்தை வெட்டியும் உழுதும் வந்தவர் நம் மக்கள். அவர்கள் கையில் மண்வெட்டி இருந்தது, எழுதுகோல் இல்லை. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளின் கையில் எழுதுகோல் உண்டு. பூட் கற்பித்தவாறு அவர்கள் நிலத்தை நோக்கட்டும். கண்டதைப் பிழையின்றிக் குறிக்கட்டும். கண்டெடுத்தவர் பெயரோடு வெட்டியவர் பெயரையும் மறவாது எழுதட்டும்.