சிறுமலரை ஈன்ற தாய்: புனித செலி மார்ட்டின்

நம் பங்கு ஆலயங்கள் பலவற்றில், கைநிறைய ரோஜா மலர்களும் பாடுபட்ட சுரூபமும் ஏந்தி நிற்கும் சிறுமலர் புனித தெரேசாவின் சுரூபத்தைக் காண்கிறோம். அவரிடம் மன்றாடாத கத்தோலிக்கக் குடும்பம் அரிது. ஆனால் அந்த மலர் பூத்த செடியை நாம் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? தெரேசாவின் தாய் செலி மார்ட்டின் மடத்தில் வாழ்ந்த துறவி அல்ல. தொழில் செய்து, சமைத்து, துணி தைத்து, பிள்ளைகளின் காய்ச்சலுக்குக் கண்விழித்த ஒரு குடும்பத் தலைவி. அவரும் அவருடைய கணவர் லூயிஸ் மார்ட்டினும் இன்று திருஅவையின் புனிதர்கள். அவர்களுடைய திருநாள் ஜூலை 12.

பொம்மை இல்லாத குழந்தைப் பருவம்

செலி 1831ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், பிரான்ஸ் நாட்டின் நார்மண்டி பகுதியில் அலென்சோன் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை, நெப்போலியனின் படையில் போரிட்டுப் பின்னர் காவல்துறையில் பணியாற்றியவர். தாய் பக்தியுள்ளவர், ஆனால் கண்டிப்பு மிகுந்தவர். தமது இளம்பருவம் மகிழ்ச்சியற்றதாகவே இருந்தது என்றும், விளையாட ஒரு பொம்மைகூடத் தமக்குக் கிடைத்ததில்லை என்றும் செலி பிற்காலத்தில் தம் தம்பிக்கு எழுதியிருக்கிறார். தாயன்புக்கு ஏங்கிய அந்தச் சிறுமிதான் பின்னாளில் ஒன்பது குழந்தைகளுக்குத் தாயானார்.

வாலிபப் பருவத்தில் அவர் துறவியாக விரும்பினார். நோயாளிகளுக்குப் பணிசெய்யும் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புச் சகோதரிகளிடம் சென்று கேட்டார். அது அவருக்குரிய அழைப்பு அல்ல என்று தலைமைச் சகோதரி அனுப்பிவிட்டார். மனம் வருந்தினாலும் செலி சோர்ந்துவிடவில்லை. இறைவன் தம்மைத் திருமண வாழ்வுக்கு அழைத்தால், நிறையக் குழந்தைகளைத் தரவேண்டும், அவர்கள் அனைவரும் அவருக்கே உரியவர்களாக வேண்டும் என்று மன்றாடினார்.

ஊசியும் நூலும்

அலென்சோன் நகரம் லேஸ் வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. முழுவதும் ஊசியாலேயே செய்யப்படும் அந்த நுண்ணிய பின்னலில், ஒரு சதுர சென்டிமீட்டர் செய்து முடிக்கவே ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும். இக்கலையைக் கற்றுத் தேர்ந்த செலி, 1853இல், இருபத்திரண்டு வயதுகூட நிறையாத நிலையில், சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெண்கள் தங்கள் வீடுகளில் சிறுசிறு துண்டுகளாகப் பின்னி, வியாழக்கிழமைகளில் செலியிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தத் துண்டுகளை இணைத்த இடமே தெரியாதபடி ஒன்றாகச் சேர்ப்பது மிகக் கடினமான வேலை. அதைச் செலியே செய்தார். வேலை செய்த பெண்களில் யாராவது நோயுற்றால் தேடிச் சென்று பார்ப்பார்.

1858ஆம் ஆண்டு, ஊரில் ஓடும் சார்த் ஆற்றுப் பாலத்தின்மேல் அமைதியான ஓர் இளைஞரை அவர் கண்டார். அவர்தான் கடிகாரத் தொழில் செய்துவந்த லூயிஸ் மார்ட்டின். அவரும் துறவு மடத்தில் சேர விரும்பி, இலத்தீன் மொழி அறியாததால் ஏற்றுக்கொள்ளப்படாதவர். அதே ஆண்டு ஜூலை 13ஆம் நாள் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். துறவற வாயில் மூடப்பட்ட இருவரைக் கொண்டே ஒரு புனித குடும்பத்தைக் கட்டியெழுப்ப இறைவன் திருவுளம் கொண்டார்.

தொட்டிலும் கல்லறையும்

1860 முதல் 1873 வரை அவர்களுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்தார்கள். ஏழு பெண்கள், இரண்டு ஆண்கள். மரி, பவுலின், லியோனி, செலின், தெரேசா ஆகிய ஐந்து பெண் குழந்தைகளே பிழைத்தார்கள். 1867 பிப்ரவரி முதல் 1870 அக்டோபர் வரை, நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், இரண்டு ஆண் கைக்குழந்தைகளையும், ஐந்து வயது எலேனையும், இரண்டு மாதமே நிறைவுறாத மற்றொரு பெண் குழந்தையையும், தம் தந்தையையும் செலி அடக்கம் செய்தார்.

இப்படி இறந்துபோவதைவிடப் பிறக்காமலே இருந்திருக்கலாமே என்று அவரிடம் சிலர் ஆறுதலாகச் சொன்னார்கள். அதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. தம் துயரத்தை ஒரு தட்டிலும் பிள்ளைகளின் முடிவில்லாப் பேரின்பத்தை மறு தட்டிலும் வைத்து எடைபோட முடியாது என்பதே அவருடைய விசுவாசம். பிள்ளைகள் தொலைந்துபோகவில்லை, விண்ணகத்தில் மீண்டும் காண்போம் என்று அவர் நம்பினார். ஆயினும் அவர் அழாதவர் அல்ல. அவருடைய கடிதங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. அவற்றில் ஒரு தாயின் கண்ணீரும் களைப்பும் பயமும் மறைக்கப்படாமல் இருக்கின்றன.

1873 ஜனவரி 2ஆம் நாள் கடைக்குட்டி தெரேசா பிறந்தாள். அவளும் நோயுற்றாள். தாய்ப்பால் கொடுத்தால் மட்டுமே குழந்தை பிழைக்கும் என்றார் மருத்துவர். செலியின் உடல்நிலை அதற்கு இடம் தரவில்லை. விடியற்காலையில் நடந்தே பக்கத்துக் கிராமத்துக்குச் சென்று, பாலூட்டும் பெண் ஒருவரை அழைத்து வந்தார். வீடு திரும்பியபோது குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையே இல்லை. குழந்தையை அப்பெண்ணிடம் கொடுத்துவிட்டு, செலி மாடிக்குச் சென்று புனித சூசையப்பர் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டார். குழந்தை குணமாகவேண்டும் என்று கேட்டார். அதே வேளையில் இறைவனின் திருவுளத்துக்கும் தம்மைக் கையளித்தார். இறங்கி வந்தபோது குழந்தை பால் குடித்துக் கொண்டிருந்தது. ஓராண்டுக்கு மேல் அந்தக் கிராமத்து வீட்டில் வளர்ந்த பிறகே தெரேசா தாய்வீடு திரும்பினாள்.

அந்த வீட்டின் ஒரு நாள்

காலை ஐந்தரை மணித் திருப்பலியோடு அவர்களுடைய நாள் தொடங்கும். பின்னர் சமையல், லேஸ் வேலை, கணக்கு வழக்கு, பிள்ளைகளின் பாடம். இரவில் எல்லாரும் உறங்கிய பிறகும் செலியின் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். மனைவியின் சுமையைக் கண்ட லூயிஸ், 1870இல் தம் கடிகாரக் கடையை விட்டுவிட்டு, லேஸ் வியாபாரத்தில் அவருக்குத் துணையாக நின்றார். மனைவியின் தொழிலுக்காகத் தம் தொழிலைக் கைவிடுவதை அவர் தாழ்வாக எண்ணவில்லை. மகள்களுக்குச் செல்லப் பெயர்களும் சூட்டியிருந்தார். மரி அவருக்கு வைரம், பவுலின் முத்து, தெரேசா குட்டி அரசி.

சிறுமி தெரேசா மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று அம்மாவை அழைப்பாள். ஒவ்வொரு முறையும் அம்மா பதில் தரவேண்டும். ஒரு படிக்குப் பதில் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடுவாள். கையில் எத்தனை வேலை இருந்தாலும் செலி ஒவ்வொரு படிக்கும் பதில் கொடுத்தார். சிறு தியாகங்களை எண்ணுவதற்கென்று மூத்தவள் மரி தங்கைகளுக்கு மணிமாலை கொடுத்திருந்தாள். விட்டுக்கொடுத்த ஒவ்வொரு முறையும் தெரேசா பைக்குள் கைவிட்டு ஒரு மணியை நகர்த்துவாள். பிற்காலத்தில் உலகமே போற்றிய சிறிய வழி இந்த வீட்டின் மாடிப்படியிலும் சட்டைப்பையிலும்தான் தொடங்கியது.

நடுவிலே ஒரு பிள்ளை

ஐந்து பெண்களில் நால்வரைப் பற்றிச் செலிக்குப் பெரும் கவலை இல்லை. மூன்றாமவள் லியோனிதான் அவருடைய நெஞ்சில் தைத்த முள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே நோயாளி. படிப்பு ஏறவில்லை. பிடிவாதமும் கோபமும் அதிகம். மரியும் பவுலினும் லெ மான்ஸ் நகரில், விசிட்டேஷன் சபைத் துறவியான தங்கள் பெரியம்மா இருந்த மடத்துப் பள்ளியில் நன்றாகப் படித்தார்கள். அதே பள்ளிக்கு இரண்டு முறை அனுப்பப்பட்ட லியோனியை, இரண்டு முறையும் வைத்துக்கொள்ள இயலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பிள்ளையை எப்படி வழிநடத்துவது என்று தெரியாமல் செலி தவித்தார். எவ்வளவு அன்பு காட்டினாலும் அவள் தம்மிடம் ஒட்டவில்லையே என்று வருந்தினார். வீட்டு வேலைக்கு இருந்த பெண் சொன்னால் மட்டும் லியோனி கேட்டாள். அதனால் அந்தப் பெண்ணிடம் பிள்ளையை விடுவதே நல்லது என்று தாய் நம்பினார்.

1876 டிசம்பரில் செலியின் மார்பிலிருந்த கட்டி குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று மருத்துவர் தெரிவித்தார். அது புதிதாக வந்ததல்ல. 1865லேயே அந்தக் கட்டியைப் பற்றி, மருந்தாளுநரான தம் தம்பிக்கு அவர் எழுதியிருந்தார். பிள்ளைகளும் வேலையும் இழப்புகளும் சூழ்ந்த பதினோரு ஆண்டுகளில் தம் உடலைக் கவனிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

1877 மார்ச் மாதத்தில் உண்மை வெளிவந்தது. வேலைக்காரப் பெண், பெற்றோருக்குத் தெரியாமல் லியோனியை அடித்தும் மிரட்டியும் அடக்கி வைத்திருந்தாள். தனக்கு மட்டுமே கீழ்ப்படிய வேண்டும், அம்மாவிடம் நெருங்கக் கூடாது என்று பயமுறுத்தியிருந்தாள். மூத்தவள் மரிதான் இதைக் கண்டுபிடித்துத் தாயிடம் சொன்னாள். பிள்ளையின் பிடிவாதம் என்று இத்தனை ஆண்டுகள் எல்லாரும் நினைத்திருந்ததற்குப் பின்னால் அச்சம் ஒளிந்திருந்தது.

செலி உடனே செயல்பட்டார். இனி லியோனியிடம் பேசவே கூடாது என்று அப்பெண்ணுக்குக் கட்டளையிட்டார். எங்கு சென்றாலும் லியோனியைத் தம்மோடு அழைத்துச் சென்றார். அதட்டலுக்குப் பதில் கனிவு காட்டினார். சில வாரங்களிலேயே பிள்ளை மாறினாள். தாயை விட்டு ஒரு நிமிடமும் பிரிய மனமில்லாதவள் ஆனாள். பதின்மூன்று வயதில்தான் லியோனிக்குத் தாய்மடி கிடைத்தது. அப்போது செலிக்கு எஞ்சியிருந்தவை ஐந்தே மாதங்கள்.

அதுவரை இறைவனின் திருவுளப்படி ஆகட்டும் என்று அமைதியாக இருந்த செலி, இப்போது உயிர் பிழைக்க விரும்பினார், லியோனிக்காக. தாம் போய்விட்டால் இவளை யார் கவனிப்பார் என்ற கவலை அவரை வாட்டியது. ஜூன் மாதம் மூத்த மகள்கள் மூவரோடும் லூர்து அன்னையின் திருத்தலத்துக்குப் பயணமானார். புனித நீரில் நான்கு முறை இறங்கினார். குணம் கிடைக்கவில்லை. வழியில் கீழே விழுந்து கழுத்திலும் வலியோடு திரும்பினார். ஆயினும், வீட்டில் காத்திருந்தவர்கள் மனம் உடைந்துவிடக் கூடாது என்று முகமலர்ச்சியோடு வந்தார். 1877 ஆகஸ்டு 28ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், 45ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தெரேசாவுக்கு அப்போது நான்கரை வயது. மனைவியை இழந்த லூயிஸ் மகள்களோடு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்து, 1894இல் இறக்கும்வரை அவர்களுக்குத் தந்தையும் தாயுமாக இருந்தார்.

விதை வீண்போகவில்லை

நான்கு மகள்கள் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார்கள். தெரேசா 1925இல் புனிதராகவும் 1997இல் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்டார். லியோனியோ மூன்று முறை துறவு மடத்தில் சேர்ந்து, மூன்று முறையும் வெளியேற நேர்ந்தது. அவர் மனம் தளரவில்லை. 1899இல், முப்பத்தைந்தாம் வயதில், கான் நகரின் விசிட்டேஷன் மடத்தில் நான்காம் முறையாக நுழைந்தார். அங்கேயே நிலைத்திருந்து, தங்கை காட்டிய சிறிய வழியில் நடந்து, 1941இல் இறந்தார். பள்ளி வேண்டாம் என்று அனுப்பிய அந்தப் பிள்ளையை, 2015 முதல் திருஅவை இறை ஊழியர் என்று அழைக்கிறது. அதே 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்த வேளையில், திருத்தந்தை பிரான்சிஸ் லூயிஸையும் செலியையும் ஒன்றாகப் புனிதர்களாக அறிவித்தார்.

தெரேசாவின் வரலாற்றில் நாமெல்லாரும் விரும்பும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு கூடை நிறையப் பொம்மைத் துணிகளும் அதன்மேல் ஒரு பொம்மையும் இருக்க, செலின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். தெரேசாவோ தனக்கு எல்லாமே வேண்டும் என்று கூடையையே எடுத்துக்கொண்டாள். இறைவனிடம் எதையும் மறுக்காத அவருடைய உள்ளத்துக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வோம். ஆனால் அந்தக் கூடையைக் கொண்டுவந்து தங்கைகளிடம் கொடுத்தவள் யார்? லியோனிதான். கையிலிருந்ததையெல்லாம் கொடுத்தவளை நாம் கவனிப்பதில்லை.

நம் சிந்தனைக்கு

நம் வீடுகளிலும் ஒரு லியோனி இருக்கலாம். மதிப்பெண் குறைந்தவள், சொன்னதைக் கேட்காதவள், அக்காவைப் பார், தங்கையைப் பார் என்று ஒப்பிடப்படுகிறவள். அவளுடைய பிடிவாதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா? வீட்டிலோ பள்ளியிலோ உறவிலோ யாராவது அவளை மிரட்டுகிறார்களா? பிள்ளை அடங்கி இருப்பதால் மட்டும் அவள் நல்ல கைகளில் இருக்கிறாள் என்று எண்ணிவிடலாமா? தாய்மார்களே, பிள்ளைகளுக்காக ஓடும் ஓட்டத்தில் உங்கள் உடலில் தெரியும் அறிகுறிகளைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் உடல்நலமும் பிள்ளைகளுக்கு நீங்கள் தரும் கொடையே.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனைப் போலவே செலியும் செய்தார். உண்மை தெரிந்த நாளிலேயே, காலம் கடந்துவிட்டது என்று சொல்லாமல், எழுந்து சென்றார். அன்பு காட்ட ஐந்து மாதங்கள் போதுமானவையாக இருந்தன. இன்று மாலை வீடு திரும்பியதும், நம் வீட்டில் அதிகம் திட்டு வாங்கும் பிள்ளையை அருகில் அழைத்து உட்கார வைப்போம்.

செபிப்போம்: அன்புத் தந்தையே, புனித செலியின் வேண்டுதலால் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் உம் கண்களால் காணும் வரம் தாரும். பேசத் தெரியாத பிள்ளையின் துயரத்தைப் புரிந்துகொள்ளும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.