மேவார் ராணா பிரதாபர்

பள்ளிப் பருவத்திலே ராணா பிரதாபரை நான் முதன்முதல் அறிந்தது ஒரு கதையின் வாயிலாகத்தான். காட்டில் ஒளிந்து வாழும் அரசனின் சிறுமகள் கையிலிருந்த புல்லரிசி ரொட்டியைப் பூனையொன்று பறித்தோடுகிறது. பசியால் அழும் குழந்தையைக் கண்ட தந்தை மனமுடைந்து, அக்பருக்குப் பணிந்து கடிதம் எழுதுகிறார். கர்னல் டாடின் நூல் நாடெங்கும் பரப்பிய கதை அது. அன்று கண்ணீர் விட்டேன், இன்று நம்புகிறேனில்லை. தென் மேவாரின் மலைநாடு பெரும்பாலும் அவர் வசமே இருந்தது. அங்கே விளைநிலமும் உண்டு.

மெய்வரலாறு வேறு. 1568இல் சித்தோர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தது. 1572இல் தந்தை உதயசிங்கர் மறைந்தபோது, அவர் வாரிசாக விரும்பியிருந்த ஜக்மாலை விலக்கிப் பிரபுக்கள் பிரதாபருக்கு முடிசூட்டினர். அக்பர் உடனே படையெடுத்தாரல்லர். ஆம்பேர் மானசிங்கர், தோடர்மல் முதலாக நால்வரை அடுத்தடுத்துத் தூதனுப்பினார். ராஜபுத்திர வேந்தர் பலர் மொகலாய அவையிலே உயர்பதவி வகித்த காலம் அது. தூதரை உபசரித்தனுப்பிய பிரதாபர், தாம் நேரிற் சென்று வணங்க மட்டும் இசைந்தாரிலர்.

1576 ஜூனில், மஞ்சள் மண்ணாற் பெயர்பெற்ற ஹல்திகாட் கணவாயருகே போர் மூண்டது. மொகலாயப் படையை நடத்தியவர் மானசிங்கர் என்னும் ராஜபுத்திரர். பிரதாபரின் முன்னணியில் நின்றவர் ஹக்கீம் கான் சூர் என்னும் ஆப்கானிய முஸ்லிம். இதனைச் சமயப்போர் என்பார் இவ்விருவரையும் மறந்துவிடுகின்றனர்.

காயமுற்ற ராணா சூழப்பட்ட வேளை, ஜாலா குலத் தலைவர் மான் அரசக்குடையைத் தம்மேல் ஏற்றார். அவரையே அரசரென்றெண்ணிப் பகைவர் மொய்த்தனர். அவர் மாண்டார், ராணா தப்பினார். சுமந்துசென்ற சேதக் என்னும் குதிரைக்கு ஊரெங்கும் சிலையுண்டு. எனக்கோ அந்தக் குடையே நினைவில் நிற்கிறது.

களம் கைவிட்டுப் போனது, அரசர் பிடிபடவில்லை. பீலர்களின் வில்லும் மலைவழி அறிவும், பாமாஷா ஈந்த பொருளும் போரைத் தொடரச் செய்தன. 1582இல் திவேரில் வெற்றி கிட்டியது. 1585இன் பின் அக்பரின் கருத்து வடமேற்கெல்லையிற் சென்றதும் பிரதாபருக்கு வாய்ப்பாயிற்று. இதனை ஒப்புக்கொள்வதால் அவர் பெருமை குன்றாது. சித்தோரும் மண்டல்கரும் நீங்க, மேவாரின் பெரும்பகுதி மீண்டது. சாவண்டைத் தலைநகராக்கி ஆண்ட அவர், 1597 ஜனவரியில், 56ஆம் வயதில், அங்கேயே காலமானார்.

மகன் அமரசிங்கர் 1615இல் ஜஹாங்கீருடன் சமாதானம் செய்தார். சித்தோர் திரும்பக் கிடைத்தது. அதன் மதில்களைச் செப்பனிடல் ஆகாதென்பது நிபந்தனை. எனினும், மேவார் ராணா மொகலாய அவைக்கு நேரில் வரவேண்டியதில்லை என்பதும் அந்த உடன்படிக்கையிலேயே இடம்பெற்றது.