அருளாக வந்தது உரிமையாயிற்று

தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நம்மில் பலருக்கு உதவித்தொகைதான் தாயும் தந்தையும். ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும்போதும், உணவு விடுதியில் வரிசையில் நிற்கும்போதும் நாம் பேசும் பேச்சில் பாதி அதைப் பற்றியதே. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, அதை யார் எந்த முறையில் முடிவு செய்தார்கள் என்ற கேள்விகள் நம்மிடையே என்றும் ஓய்வதில்லை. இக்கேள்விகளை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமகனாரின் வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது. டாக்டர் அம்பேத்கரைச் சட்ட மேதை என்று நாடறியும். ஒடுக்கப்பட்டோரின் தலைவர் என்று உலகறியும். அவர் நம்மைப் போல் ஓர் உதவித்தொகை மாணவராக இருந்தவர் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. நான் இங்கே சொல்ல விரும்புவது அந்த மாணவரின் கதையைத்தான்.

பீமராவ் 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைவீட்டு ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார். தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட மகார் குலம் அவர்களுடையது. பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார இடமில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச்சாக்கே அவருக்கு ஆசனம். தாகம் எடுத்தால் தாமே குழாயைத் தொடக் கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். இந்த நிலையில் படித்துப் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750-க்கு 282.

இந்த எண்ணைச் சற்று நின்று பாருங்கள். மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட ஒரு குழு அன்று கூடியிருந்தால், அந்த விண்ணப்பத்தை மறுபக்கம் திருப்பியும் பார்த்திராது. அவர் மேலே படிக்க வழி பிறந்தது கேளுஸ்கர் என்ற நல்லாசிரியரால். அவர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் இளைஞரை அறிமுகப்படுத்தினார். மன்னர் மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார் பீமராவ். 1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். குடும்பம் தளர்ந்து நின்ற அதே ஆண்டில், பரோடா சமஸ்தானம் சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப முற்பட்டது. அவர்களுள் அம்பேத்கரும் ஒருவர். மாதம் பதினொன்றரை பவுன் வீதம் 3 ஆண்டுகளுக்கு உதவி. படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம்.

1913 ஜூலையில் நியூயார்க் நகரில் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தின் படியேறியபோது அவருக்கு வயது 22. இன்று எனக்கு 23. அந்த வயதில் அவர் உழைத்த உழைப்பை எண்ணினால் நாணம்தான் மிஞ்சுகிறது. பொருளாதாரம், சமூகவியல், வரலாறு, மானிடவியல் என்று ஒன்றையும் விடவில்லை. 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம், இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றிப் பரவின என்பது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை மானிடவியல் கருத்தரங்கில் படித்தார். வாழ்நாள் முழுதும் அவர் நடத்திய போராட்டத்தின் வித்து அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. பிறகு அவ்வாண்டே இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும், வழக்கறிஞர் பயிற்சிக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார்.

ஆனால் ஆய்வு நடுவழியில் நிற்கும்போதே, காலவரை முடிந்தது என்று பரோடாவிலிருந்து செய்தி வந்தது. உதவி நின்றது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பல்கலைக் கழகத்திடம் பெற்றுக்கொண்டு, 1917-இல் தாயகம் திரும்பினார். அவர் சேர்த்த நூல்களை ஏற்றிவந்த கப்பல் போர்க்காலக் குண்டுக்கு இரையாகிக் கடலில் மூழ்கியது.

ஒப்பந்தப்படி பணியாற்றப் பரோடா சென்றார். அங்கே நடந்ததுதான் நெஞ்சை உலுக்குவது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று வந்த அதிகாரிக்கு, அலுவலகச் சேவகர்கள் தூர நின்று கோப்புகளை எறிந்தார்கள். தங்குவதற்கு ஊரில் ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. நண்பர் இருவரிடம் இடம் கேட்டார். இருவரும் சாக்குச் சொன்னார்கள். ஊர்ப் பூங்காவில் உட்கார்ந்து கண்ணீர் வடித்துவிட்டு, இரயிலேறிப் பம்பாய் திரும்பினார்.

நண்பர்களே, இங்கே ஒரு உண்மை நமக்கு விளங்க வேண்டும். கெய்க்வாட் மன்னரின் உள்ளம் பெரிது, அதில் ஐயமில்லை. மதிப்பெண்ணுக்கு அப்பால் மனிதனைக் கண்ட கண் அவருடையது. ஆயினும் அவர் அளித்தது அருள், உரிமையன்று. அருளுக்கு ஓர் அறிமுகம் வேண்டும். கேளுஸ்கரைப் போல் ஒருவர் கிடைக்காத எத்தனை பீமராவ்கள் கோணிச்சாக்கோடு வீடு திரும்பியிருப்பார்கள்? அருள், காலம் முடிந்தது என்று ஒரு கடிதத்தில் நின்றுவிடும். ஆய்வு முடிந்ததா என்று கேளாது. பத்தாண்டுப் பணியைக் கேட்கத் தெரிந்த அரசுக்கு, பணியாற்ற வருபவன் தலைசாய்க்க ஓர் இடம் தரத் தெரியவில்லை.

அம்பேத்கர் சோர்ந்து போகவில்லை. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதச் சம்பளம் 450 ரூபாய். சிக்கனமாக வாழ்ந்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். பார்சி நண்பர் ஒருவர் 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, அரைவயிற்று உணவோடு நூலகமே வீடாகக் கிடந்து படித்தார். 1921-இல் எம்.எஸ்ஸி., 1923-இல் டி.எஸ்ஸி. பட்டங்கள் கிட்டின. ரூபாயின் சிக்கலைப் பற்றியது அந்த டி.எஸ்ஸி. ஆய்வு. பிரிட்டிஷ் இந்தியாவில் அரசாங்கப் பணம் மத்திக்கும் மாகாணங்களுக்கும் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை ஆராய்ந்த மற்றொரு நூல் 1925-இல் வெளிவந்தது. கொலம்பியாவின் டாக்டர் பட்டம் அதற்கே கிடைத்தது. அந்த நூலைக் கெய்க்வாட் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். பரோடாவில் பட்ட அவமானம் நன்றியை அழித்துவிடவில்லை.

அரசாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை இவ்வளவு ஆழமாகக் கற்ற ஒருவர், 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் தாழ்த்தப்பட்டோரின் குறைகளைத் தொகுத்து அரசிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். அதில் கல்வியைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போது விஞ்ஞான மாணவனாகிய எனக்கு மெய்சிலிர்த்தது. கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் மட்டும் போதா. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் கற்க வேண்டும். அவை செலவு மிக்கவை. ஏழைப் பெற்றோரால் ஏலாதவை. ஆகவே அரசே அச்செலவை ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். உள்நாட்டில் இவற்றைப் பயில ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், வெளிநாட்டில் பயில 1 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டுக் கேட்டார். காசி இந்துப் பல்கலைக் கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக் கழகத்துக்கும் அரசு பணம் தருகிறதே, தாழ்த்தப்பட்ட மாணவருக்கு ஏன் தரக்கூடாது என்ற ஒப்பீட்டையும் முன்வைத்தார். அரசு 3 லட்சம் ரூபாய் ஒதுக்க இசைந்தது. 1944-இல் மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. இன்றும் நம் விடுதிகளில் எத்தனையோ தோழர்களின் படிப்பைத் தாங்கி நிற்பது அந்தத் திட்டந்தான்.

தாம் பெற்றது ஒரு மன்னரின் கருணையால். பிறர் பெற வேண்டியதோ அரசின் வரவு செலவுக் கணக்கில் எழுதப்பட்ட ஒரு வரியால். அறிமுகம் தேட வேண்டாம். அரண்மனை வாயிலில் காத்திருக்க வேண்டாம். இதுவே அவர் செய்த மாற்றம். சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பிலும், நலிந்த பிரிவினரின் கல்வியைத் தனிக் கவனத்தோடு வளர்ப்பது அரசின் கடமை என்று 46-ஆம் பிரிவு கூறுகிறது. 1956 டிசம்பர் 6-ஆம் நாள் அவர் டில்லியில் மறைந்தார்.

அவர் தொடங்கியது முடிந்துவிட்டதா? திட்டம் இருக்கிறது, பணம் நேரத்துக்கு வருவதில்லை. என்னுடன் பயிலும் தோழர் ஒருவர் ஐந்து மாதம் உதவித்தொகையின்றி விடுதிக் கடனில் உண்டார். கேட்டபோதெல்லாம் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்ற ஒரே விடைதான். காலங்கடந்து வரும் உதவி, வசதியுள்ளவனுக்குத் தாமதம், வசதியற்றவனுக்கு மறுப்பு. மற்றொன்று. தாழ்த்தப்பட்ட மாணவர் முதலானோர் வெளிநாட்டில் பயில மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு 2022-இல் புதிய விதிகள் வந்தன. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அவ்விதிகள் இடமளிக்கவில்லை. அவற்றை இந்தியாவிலேயே செய்யலாம் என்பது காரணம். 1916-இல் அத்தகைய விதி இருந்திருந்தால், கொலம்பியாவில் சாதியைப் பற்றி அந்த மாணவர் கட்டுரை படித்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்பதைப் பணம் கொடுப்பவர் முடிவு செய்தால், அருள் மீண்டும் வேறு உடையில் வந்து நிற்கிறது என்றே நான் கருதுகிறேன்.

உதவித்தொகை பிச்சையன்று, நாடு தன் எதிர்காலத்துக்கு இடும் விதை. விதைப்பவன் நல்ல நிலத்தை மட்டும் தேடினால் போதாது. நீர் பாயாத நிலத்துக்கு வாய்க்காலும் வெட்ட வேண்டும். அம்பேத்கர் அந்த வாய்க்காலை வெட்டினார். அது தூர்ந்துபோகாமல் காக்கும் பணி, அதில் நீர் அருந்தும் நம் அனைவருடையது. நமக்குக் கிடைத்ததா என்று மட்டும் கேட்காமல், கிடைக்காதவர் யார் என்றும் கேட்போம்.