சேனாபதி சுந்தர்ஜி

அடையாற்றினின்றும் கிண்டி வழியாய்ப் பரங்கிமலைக்குச் சென்றிருக்கும் நம் மாணவர் பலர், அங்கே 1963 முதல் நடந்துவரும் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் மதிலைக் கண்டிருப்பர். அதிகாரியாவோன் துப்பாக்கி பிடிக்கக் கற்றாற் போதும் என்றெண்ணுதல் பிழை. மணலாற் குன்றும் ஆறும் சமைத்துவைத்து, பகைவன் இவ்வழி வரின் யாது செய்வாய் என வினவி விடையிறுக்கச் செய்வதும் படைக்கல்வியேயாம். இவ்வொத்திகைப் போரை இந்நாடு அதுகாறும் காணாத அளவிற்குப் பெருக்கியவர், நம் செங்கற்பட்டிற் பிறந்த கிருஷ்ணசுவாமி சுந்தர்ஜி.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பயின்ற அவர், 1946-இல் மகார் ரெஜிமெண்டில் அதிகாரியானார். காலாட்படையில் வளர்ந்தவராயினும் பின்னாளில் டாங்கிப் படையொன்றை நடத்தினார். மௌ நகரத்துப் போர்க் கல்லூரிக்குத் தலைவராயிருந்தபோது, 1981-ஆம் ஆண்டளவில், அணுகுண்டு புகுந்த களத்தில் சேனை என் செய்வது என்னும் வினாவை அதிகாரிகளுக்குத் தபாலில் விடுத்து, அவர்தம் கருத்துகளைத் திரட்டினார். அரசாங்கம் வெளிப்படப் பேசத் தயங்கிய பொருள் அது. அத்துணிவை நாம் வியக்கின்றோம்.

1986-இல் தரைப்படைத் தலைவரானதும் 'பிராஸ்டாக்ஸ்' என்ற ஒத்திகையைத் தொடங்கினார். முதற்கட்டம் வரைபடத்தின்மேல் நடந்தது. இறுதிக்கட்டமோ இராஜஸ்தானப் பாலைவனத்தில், இலட்சத்திற்கு மேற்பட்ட வீரரோடு. வரைபடத்திற் பிழைத்தால் அழித்தெழுதலாம். பாலைவனத்திற்கு அப்பால் பார்த்திருந்த பாகிஸ்தானியர்க்கோ, இது விளையாட்டா படையெடுப்பா என்பது விளங்கவில்லை. அவர்கள் தம் சேனையைப் பஞ்சாப் எல்லைக்கு அருகே நகர்த்தினர். 1987 ஜனவரியில் நம் சேனையும் எதிர்நின்றது. பெப்ருவரி 4-ஆம் நாள் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே இரு நாடுகளும் மூச்சுவிட்டன. அவர் மெய்யாகவே போரை விரும்பினாரா என்பது குறித்து அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். நம் கருத்து வேறு: பகைவனுடைய ஆசனத்தில் அமர்ந்து சிந்திக்கப் பிறர்க்குக் கற்பித்தவர், அவனுடைய அச்சத்தைக் கணக்கில் எடுக்கத் தவறினார்.

அவ்வாண்டே அக்டோபரில் யாழ்ப்பாணத்துச் சந்துகளில் நம் வீரர் போரிட நேர்ந்தது. டாங்கிகள் பாயப் பரந்த வெளி அங்கில்லை. 1990-இல் சேனை மீள்வதற்குள் ஆயிரத்திற்கு மேற்பட்ட வீரர் மடிந்தனர். தமிழ்க் குடிமக்கள் பட்ட துயரமோ சொல்லுந்தரமன்று. அவரும் தமிழரே என்பதை இவ்விடத்து மறக்க நமக்கு இயலவில்லை.

1988-இல் ஓய்வுபெற்ற அவர், 1993-இல் ஆங்கில நாவலொன்று வெளியிட்டார். இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வீசிக்கொள்ளும் போரின் கற்பனை அது. காகிதத்தில் அவர் நடத்திய கடைசி ஒத்திகை என்னலாம். 1998 மே மாதத்தில் இரு நாடுகளும் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்த காலத்தில், அவர் தீரா நரம்புநோய்க்கு ஆட்பட்டிருந்தார். 1999 பெப்ருவரி 8-ஆம் நாள் காலமானார்.